இல்லாதவரைப் பற்றிய சான்று

ஒருவர் நம் எதிரில் இல்லாதபோது அவரைப் பற்றி மற்றொருவர் வினவுகிறார். நாம் சொல்லும் விடையைப் பொறுத்தே அவருடைய பிழைப்பு அமையக்கூடும். பெண் கொடுக்குமுன் அண்டை வீட்டாரிடம் விசாரிப்பதும், வேலைக்கு எடுக்குமுன் பழைய முதலாளியிடம் கேட்டறிவதும் இத்தகையனவே. அவ்வேளைகளில் உண்மையைச் சொல்வதா, இரக்கம் காட்டுவதா என்ற தடுமாற்றம் மனிதருக்குப் புதிதன்று. அதே தடுமாற்றம் இன்று நாம் அவ்வளவாக எண்ணிப் பாராத ஓரிடத்தில், மோட்டார் வாகனத் தொழிலின் தர அலுவலகங்களில், ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. அங்கே அதற்கு அறச்சிக்கல் என்று பெயரில்லை. ‘வெண்டர் ரேட்டிங்’ என்று பெயர்.

ஒரு கார் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ காரைப் பூட்டி முடிக்கும் பெரிய ஆலை, பிரேக் தொகுப்பை வேறொரு நிறுவனத்திடம் வாங்குவதாகக் கொள்வோம். அந்நிறுவனம் தனக்கு வேண்டிய ரப்பர் வளையங்களையும், கடைந்தெடுத்த பின்களையும், ஸ்பிரிங்குகளையும் அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு பட்டறைகளிடம் வாங்குகிறது. கார் ஆலை அந்தப் பட்டறையைக் கண்டதில்லை. பட்டறைக்காரர் அந்தக் காரை ஓட்டப்போவதும் இல்லை. ஆகவே கார் ஆலை நடுவில் இருப்பவரிடம் கேட்கிறது: “உங்களுக்குப் பொருள் தருவோர் கடந்த ஆறு மாதங்களில் எப்படி நடந்துகொண்டார்கள்? மதிப்பீட்டைக் காட்டுங்கள்.”

இக்கேள்வியை அதிகாரச் செருக்கு என்று தள்ளிவிட இயலாது. 2016-இல் வெளிவந்த ஐ.ஏ.டி.எஃப். 16949 என்னும் தரநெறியே இத்தகைய கண்காணிப்பைக் கட்டாயமாக்குகிறது. வந்த பொருள் சரியாக இருந்ததா, அதனால் வாடிக்கையாளரின் ஆலையில் வேலை தடைப்பட்டதா, குறித்த நாளில் வந்ததா, தாமதத்தை ஈடுசெய்ய எத்தனை முறை கூடுதல் கட்டணத்தில் அவசரமாகச் சரக்கு அனுப்ப நேர்ந்தது என்பவை அது பார்க்கச் சொல்லும் அளவுகளுள் முதன்மையானவை. இக்கேள்வியைக் கேளாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குத் தகாட்டா நிறுவனத்தின் வரலாறே போதும். விபத்தின்போது காற்றுப்பையை ஊதும் கருவியைச் செய்த அந்த ஜப்பானிய நிறுவனம், சோதனை முடிவுகளைத் திரித்துக் கார் நிறுவனங்களுக்கு அனுப்பியது. கருவி வெடித்துச் சிதறிய உலோகத் துண்டுகளால் உயிர்கள் போயின. 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் செலுத்த அது இசைந்தது.

எனவே, வேண்டியவர் என்பதற்காக ஒரு பட்டறையின் மோசமான மாதத்தை மறைப்பது இரக்கமாகாது. பத்தாண்டுகளாக நமக்குப் பொருள் தந்தவர், மகளின் திருமணத்திற்கு அழைத்தவர், இந்த ஒரு முறை பார்த்துவிடக் கூடாதா என்று மனம் கேட்கும். கேட்பது இயல்பே. ஆனால் அந்த இரக்கத்திற்கு விலை கொடுக்கப்போகிறவர் நாம் அல்லர். என்றோ ஒரு நாள் மழையில் பிரேக்கை மிதிக்கப்போகும், பெயர் தெரியாத ஒருவர். பிறர் பணத்தில் தருமம் செய்வதை நாம் ஈகை என்று அழைப்பதில்லை.

ஆயினும் எண்களை உள்ளபடி அனுப்பிவிட்டால் உண்மை சொல்லியாயிற்று என்று கொள்ளவும் முடியவில்லை. குறைப்பொருளைப் பத்து இலட்சத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவது இத்தொழிலின் வழக்கம், பி.பி.எம். என்பர். மாதம் 2,000 பின்கள் தரும் பட்டறையில் இரண்டு பின்கள் தவறினால் அதன் கணக்கு 1,000. இரண்டு இலட்சம் தரும் பெரிய நிறுவனத்தில் இருபது தவறினால் அதன் கணக்கு 100. தவறிய பொருள்கள் பெரியவரிடம் பத்து மடங்கு. ஏட்டிலோ சிறியவர் பத்து மடங்கு கெட்டவர். கணக்கில் பிழையில்லை. எத்தனையில் இரண்டு என்பதைச் சொல்லாமல் விடுவதில்தான் பிழை இருக்கிறது.

தாமதத்தின் கதை இதனினும் கடியது. மாதத் தொடக்கத்தில் ஒரு ஷெட்யூல் கொடுக்கிறோம். அதை நம்பிப் பட்டறைக்காரர் எஃகுக் கம்பி வாங்குகிறார். பதினைந்தாம் தேதி கார் ஆலை ஒரு மாடலைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டுகிறது. நாமும் ஷெட்யூலை மாற்றுகிறோம். வாங்கிய கம்பி அவர் மூலையில் கிடக்க, வேறு அளவுக் கம்பிக்கு அவர் அலைகிறார். பொருள் நான்கு நாள் பிந்தி வருகிறது. கணினி அந்த நான்கு நாளை மட்டுமே அறியும். ஷெட்யூலை மாற்றியவர் யார் என்பது அதற்குத் தெரியாது, தெரிவிக்கவும் கட்டமில்லை. கேள்வி கேட்ட வாடிக்கையாளரே அந்தத் தாமதத்தின் தொடக்கமாக இருக்கலாம்! இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. பழி சங்கிலி வழியே கீழே இறங்கி, எதிர்த்துப் பேச வாயில்லாதவரிடம் போய் நிற்கிறது.

பழி எப்போதும் கீழே இருப்பவருடையதன்று என்பதைப் பெரிய நாடுகளும் கற்றிருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் இக்னிஷன் சுவிட்ச் குறித்த முறுக்கு விசையை எட்டவில்லை என்பது 2002-இலேயே வாங்குவோர் தரப்புக்குத் தெரிந்திருந்தது. அந்நிறுவனத்தின் பொறியாளர் அறிந்தே ஒப்புதல் அளித்தார். 2014-இல்தான் சுமார் 26 இலட்சம் கார்கள் அக்குறைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு நிறுவனம் இழப்பீடு வழங்கியது. தருபவரை மட்டும் அளக்கும் ஏட்டில் இத்தகைய குற்றம் அகப்படுவதில்லை.

அப்படியாயின் கேட்பவருக்கு என்ன கொடுப்பது? கண்காணிப்பு உண்மையிலேயே நடக்கிறது என்பதற்கான சான்றும், பாதுகாப்பைத் தொடும் குறைகளின் முழு விவரமும் அவருக்கு உரியவை. பட்டறை எந்த விலைக்குத் தருகிறது, யாரிடம் கம்பி வாங்குகிறது என்பன அவருக்கு உரியவை அல்ல. அவற்றைக் கேட்டால் மரியாதையுடன் மறுக்கலாம். அனுப்புமுன் அவ்வேட்டைப் பட்டறைக்காரரிடம் காட்டிவிட வேண்டும் என்பது நம் கருத்து. “உங்களைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறோம், ஐயா, இதில் தவறு உண்டா?” என்று கேட்பதற்கு அரை நாள் ஆகும். அவர் சொல்லும் காரணம் பொருந்தினால் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. எண்ணின் அருகே காரணத்தை எழுதலாம். பொருந்தாவிட்டால் அதையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். முதுகுக்குப் பின் சிவப்புப் பட்டியலில் சேர்ப்பதைவிட அது அவருக்குச் செய்யும் மதிப்பு.

இன்னும் ஒன்று. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை, உடன்பாடு எப்படியிருப்பினும், 45 நாள்களுக்குள் தந்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பட்டறை எத்தனை நாள் பிந்தியது என்பதற்கு ஏட்டில் கட்டம் உண்டு. அதன் பில்லுக்கு நாம் எத்தனை நாள் பிந்தினோம் என்பதற்குக் கட்டம் பெரும்பாலும் இராது. கூலி கொடுக்கப் பணமின்றி இரவு ஷிப்டை நிறுத்திய பட்டறையின் தாமதத்தை இந்த இரண்டாம் கட்டம் இல்லாமல் எப்படிப் படிப்பது? வாடிக்கையாளரின் படிவத்தில் அதற்கு இடமிராது. தனித் தாளில் எழுதி, ஷெட்யூல் மாற்றிய தேதிகளையும் சேர்த்து, படிவத்தின் பின்னால் இணைத்து அனுப்புவதை எந்தத் தரநெறியும் தடுக்கவில்லை.