எட்டு மணிப் பசி

காலை எட்டு மணிக்கு இட்லி தின்று பழகிய வயிறு, விரதம் தொடங்கிய நாளிலும் எட்டு மணிக்கே குரல் கொடுக்கும். பாதி தேவை, பாதி பழக்கம். வழக்கமான சாப்பாட்டு நேரத்தில் இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கூடுகிறது. சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடுகிறது. பசி ஏறிக்கொண்டே போவதில்லை, வந்து போகிறது. அந்த வேளைக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் கை நிறைய வேலையும் போதும். பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனைக்குத்தான் மருந்தில்லை! நாள் போகப்போக வயிறு புது நேரத்துக்குப் பழகும். தலைசுற்றல், கைநடுக்கம் என்றால் வீம்பு வேண்டாம், சாப்பிட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.