கடனாளி யார்?

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். திருப்பித் தரவேண்டிய பாக்கி ஒன்று; செய்தே தீரவேண்டிய கடமை இன்னொன்று. அரசாங்கம் தன் கடமையை நம்ம பாக்கியாக எழுதிவைத்திருக்கிறது. தாட்கோவின் கதை இதுதான்.

தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் 1974இல் தொடங்கியது. முதல் வேலை, சேரிகளில் தீப்பிடிக்காத வீடு கட்டுவது. அதற்கு ஆறு வருசம் முன்னால்தான், 1968 டிசம்பர் 25இல், கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூரையை மாற்றக் கழகம் வந்தது. கொளுத்திய கையை மாற்ற எந்தக் கழகமும் வரவில்லை.

பிறகு கடன் வந்தது. மாடு, ஆடு, பெட்டிக்கடை. பாங்கிக் கடன் ஒரு பங்கு, மானியம் ஒரு பங்கு.

மல்லசமுத்திரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடக்கும். பருத்தி எடுத்த கை நம்ம பெண்களுடையது. மூட்டை மேலே இருக்கும் பேர் காட்டுக்காரருடையது. நிலமில்லாத வீட்டுக்குக் கறவை மாடு கொடுத்தால் அது எங்கே மேயும்? "மாடு எம் பேருலதானுங்க, தட்டு அவங்க காட்டுலயல்லோ இருக்குது" என்பார்கள் காலனியில். தட்டுக்கும் போகணும், பாங்கியில் ஜாமீன் கேட்டால் அதற்கும் அதே வாசலில் நிற்கணும். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அறுத்த கயிற்றை, கடன் திரும்ப முடிச்சுப் போடுகிறது.

அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய நீதி இருக்கிறது. கொத்தடிமையின் கடன் செல்லாது என்றது. காகிதத்தில் யார் பேர் இருந்தாலும், உழைப்பைப் பறித்தவனே கடன்பட்டவன் என்பதுதானே அதன் பொருள்? இதே அளவுகோலை அரசாங்கத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892இல் உத்தரவு வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்கிறார்கள். பிறத்தியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை செத்தார்கள்.

2023இல் தாட்கோ 'நன்னிலம்' திட்டம் கொண்டுவந்தது. நிலமற்ற விவசாயக்கூலிப் பெண்கள் நிலம் வாங்க 50 சதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். மீதி கடன். விற்பவர் ஆதிதிராவிடர் அல்லாதவராக இருக்கவேண்டும். நிலம்தான் தேவை என்று ஒத்துக்கொண்டார்கள், சந்தோசம். ஆனால் பறிபோன நிலத்துக்கு நாமே கடன்பட்டு விலை கொடுக்கணும். பணம் போய்ச் சேருவது நிலம் வைத்திருந்தவர் மடியில்.

'மானியம்' என்பதும் பழைய சொல். கோயிலுக்கும் அக்ரகாரத்துக்கும் ராசாக்கள் விட்ட நிலம் மானியம். வாங்கியவருக்கு அது மரியாதை. 2021இல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. அவர்களை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். நம்ம ஆள் நாலு தவணை கட்டாவிட்டால் மட்டும், 'இவங்களுக்குக் குடுத்தா வராது' என்று சாதிக்கே பேர் வைக்கிறார்கள்.

அப்படியானால் வாங்கின கடனைக் கட்ட வேண்டாமா? கட்டத்தான் வேண்டும். அந்தப் பணம் திரும்பினால்தான் அடுத்த காலனிக்காரனுக்குப் போகும். இது நமக்குள் உள்ள கடமை. ஆனால் தலைகுனிந்து கட்டவேண்டியதில்லை. தவணை கட்டிய ரசீது ஒரு கையில் இருக்கட்டும். 1892 உத்தரவு மறு கையில் இருக்கட்டும். நம்ம பாக்கி எவ்வளவு என்று அவர்கள் கேட்கும்போது, உங்க பாக்கி எவ்வளவு என்று நாமும் கேட்போம்.