சிலந்திநூலும் முதற்காரணமும்

புழலேரிக் கரைப் புதர்களில், வைகறைப் பனித்துளி தாங்கியும் அறாது நிற்கும் சிலந்திவலையைக் காணாதார் இலர். சிலந்தி தன்னினின்று நூல் தோற்றுவித்தலை முண்டகோபநிடதம் உலகத்தோற்றத்திற்கு உவமையாக்கிற்று. அதுகொண்டு இறைவனே உலகிற்கு முதற்காரணம் என்பர் ஏகான்மவாதிகள். அந்நூலின் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

அந்நூல் புரதத்தால் ஆயது. சிலந்தியின் வயிற்றுச் சுரப்பிகளில் நீர்மமாயிருக்கும் அப்புரதம், நுண்குழாய்வழி இழுக்கப்படுங்கால் இறுகி இழையாம். அப்பொழுது அதன் அணுக்கோவைகளிற் சில வரிசையாய் அடுக்குண்டு வன்பளிங்காகும். ஏனைய நெகிழ்ந்து நிற்கும். வன்மையாற் பாரந் தாங்கும். நெகிழ்ச்சியால், மோதும் பூச்சியின் விசையை ஏற்று நீளும். இவ்விரண்டும் கூடுதலின், வலைக்குச் சட்டமாகும் இழை எடைக்கு எடை எஃகினும் வலிதாயிற்று.

இனி, அப்புரதம் உண்ட இரையினின்று உடலில் அமைந்த சடப்பொருள், உயிரின் கூறன்று. சிலந்தி இறந்தபின்னும் நூல் நிற்றல் காண்க. ஆதலின் புரதம் முதற்காரணம். நூற்குழாயும் இழுக்குங் காலும் துணைக்காரணம். சிலந்தியின் உயிர் நிமித்தகாரணம். அவ்வாறே மாயை முதலும், சத்தி துணையும், இறைவன் நிமித்தமும் ஆதல் பெற்றாம்.

அற்றேல், உலகு இறைவனினின்று தோன்றும் என்றல் என்னையெனின், மாயை அவனுக்குப் பரிக்கிரக சத்தியாய் அவன்வயத்து நிற்றலின் என்க.

இரைக்கு வலையாகும் நூலையே, திருவானைக்காவிற் சிலந்தி இறைவற்குப் பந்தராக்கிக் கோச்செங்கட் சோழராய்ப் பிறந்தது. மாயையின் காரியமாய உடலும் கருவியும் நமக்குத் தரப்பட்டன. அவற்றால் வலை பின்னுதுமோ, பந்தர் இடுதுமோ என்பதே நாம் எண்ணற்பாலது.