திரும்பக் கிடைக்காத மாடுகள்

லண்டனில் நம்முடைய சனத்தின் விசுவாசம் பெரும்பாலும் ஒரு கடிதத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஹோம் ஒஃபிஸிலிருந்து வரவேண்டிய கடிதம். அது வரும்வரை செபமாலை கையைவிட்டு இறங்காது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி, மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி, பிள்ளைகளின் பெயரில் ஒரு பூசை. கடிதம் நல்லபடியாக வந்துவிட்டால் ஜூலையில் குடும்பமாக வால்சிங்காம் போய் நன்றி சொல்ல வேண்டும். செவன் கிங்ஸிலும் இல்ஃபோர்டிலும் ஹை ரோட்டை ஒட்டி வசிக்கும் பல தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களிடம் இப்படி ஒரு கதை உண்டு. கடிதத்துக்குப் பதிலாக வீட்டுக்கடன், பிள்ளையின் பரீட்சை, தள்ளிப்போகும் கலியாணம் என்று வேறு பெயர்களும் உண்டு.

இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கேளுங்கள் என்று சொன்னவரே கிறிஸ்துதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முழங்காலில் விழும் தாயிடம் போய் உன் செபம் சுயநலமானது என்று சொல்கிறவன் இறையியல் படித்திருக்கலாம், பிள்ளை வளர்த்திருக்கமாட்டான். ஆனால் கேட்டது கிடைத்ததும் வரும் நன்றியை நாம் விசுவாசம் என்கிறோம். கொஞ்ச நாள் போனபின் அந்த விசுவாசத்தையே பரிசுத்தம் என்றும் எண்ணத் தொடங்குகிறோம். அங்கேதான் எனக்கு இடறுகிறது.

வால்சிங்காமையே எடுத்துக்கொள்ளுங்கள். நோர்ஃபோக்கில் உள்ள அந்தச் சிறு கிராமத்தில் 1061இல் ரிச்செல்டிஸ் என்ற பெருமாட்டி மாதாவின் காட்சியைக் கண்டு நாசரேத்து வீட்டைப் போல ஒரு வீடு கட்டினார் என்பது மரபு. மத்திய காலத்தில் ஐரோப்பாவின் பெரிய யாத்திரைத் தலங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 1511ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி எட்டாம் ஹென்றி மன்னனுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அரசன் நன்றி சொல்ல வால்சிங்காம் போனான். கடைசிப் பகுதியை வெறுங்காலோடு நடந்தான் என்றும் சொல்வார்கள். நேர்த்தி என்றால் இதுவல்லவா நேர்த்தி! அந்தக் குழந்தை இரண்டு மாதம்கூட உயிரோடு இருக்கவில்லை. 27 ஆண்டுகள் கழித்து, 1538இல், அதே மன்னனின் ஆட்சி அந்தத் திருத்தலத்தை இடித்தது. மாதாவின் சுரூபத்தை லண்டனுக்குக் கொண்டுவந்து எரித்தது. பிள்ளை செத்ததால்தான் இடித்தான் என்று சொல்ல வரவில்லை. அரசியலும் பணமும் பாப்பரசரோடு வந்த சண்டையும் அதில் உண்டு. ஆனால் வெறுங்காலோடு நடந்தவன் பிறகு என்ன ஆனான் என்பதற்கு நடந்த நடை எந்தப் பிணையும் தரவில்லை.

இன்று அந்த வழியில் வெறுங்காலோடு நடப்பவர்களில் நம்மவர்களும் உண்டு. 1934இல் கத்தோலிக்கருக்கான தேசியத் திருத்தலமான ஸ்லிப்பர் சப்பலைச் சுற்றிய புல்வெளியில் ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கில் தமிழர் கூடுகிறார்கள். சேலையும் வேட்டியும், சோற்றுப் பொதியும், ஒலிபெருக்கியில் மன்றாட்டுமாலையும். ஒருநாளைக்கு அது மடுவாகிவிடும். நான் மகிழ்ந்து பார்க்கும் காட்சிகளில் ஒன்று அது.

மடு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வராமல் போகாது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய 17ஆம் நூற்றாண்டில் மாந்தையிலிருந்து சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய குடும்பங்கள் உண்டாக்கிய ஆலயம் அது. அடைக்கலம் என்பதே அதன் பிறவிக்குணம். போர்க்காலத்திலும் சனம் அப்படித்தான் அங்கே ஓடியது. 1999 நவம்பர் 20ஆம் தேதி அந்த ஆலய வளாகத்திலேயே ஷெல்கள் விழுந்தன. தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 40 பேர் வரை இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. வெளியே நின்று செத்தவர்கள் அல்ல இவர்கள். மாதா காப்பாற்றுவா என்று நம்பி உள்ளே வந்தவர்கள்.

செபக்கூட்டங்களில் யாராவது எழும்பி, "மாதா என்னைக் காப்பாற்றினா" என்று சாட்சி சொல்லும்போது நான் அந்த நாளை நினைப்பேன். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் காப்பாற்றப்படாதவர்களின் நம்பிக்கை குறைவாகவா இருந்தது? இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காத விசுவாசம் தப்பியவர்களுக்கு மட்டுமே உதவும்.

இங்கே எனக்குத் துணையாக வருகிறவர் தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவலர். குடும்பத்தில் அடுக்கடுக்காக இழப்புகள். மாடுகள் சாகின்றன, பயிர் பொய்க்கிறது. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே அரசனுக்குப் படை பழக்கிய டச்சுக் கப்டன் டி லனோய் அவருக்கு யோபுவின் கதையைச் சொல்கிறார். அதில் உருகிய நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆகிறார்.

யோபுவின் கதை எப்படி முடிகிறது? இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. 7,000 ஆடு போனவருக்கு 14,000 ஆடு. சாட்சி சொல்ல ஏற்ற முடிவு. அந்தக் கதையைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றவருக்கோ ஒரு மாடும் திரும்பி வரவில்லை. 1749இல் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வதை. 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரம் தனக்கு வாய்க்கப்போவதில்லை என்று எந்த நாளில் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. சிறையிலா, எருமையின் முதுகிலா? புரிந்தபின்னும் அவர் திரும்பிப் போகவில்லை. போயிருந்தால் உயிரும் உத்தியோகமும் கிடைத்திருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்த கோவா குருவானவர் யோசேப் வாஸும் இந்த வகைதான். வந்ததும் நோயில் விழுந்து தெருவோரத்தில் கிடந்தார். பிறகு சில்லாலையில் மறைந்திருந்து இரவுகளில் பூசை வைத்தார். 1692இல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்துச் சிறை வைத்தார்கள். அவர் செபித்து மழை பெய்த அற்புதத்தைத்தான் நம்மவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது அவர் செய்தது. போகக்கூடியவர்கள் நகரைவிட்டுப் போக, அவரும் அவருடைய மருமகனான குருவானவரும் அங்கேயே நின்று, கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவினார்கள், உணவு கொடுத்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். மழையைக் கடவுள் செய்தார். இதை அந்த மனிதர் செய்தார், கடவுளை நம்பி. 2015இல் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த அன்றே மடுவுக்கும் போனது பொருத்தமாகத்தான் இருந்தது.

நம்பிக்கை என்றாலே கத்தோலிக்கர் நினைப்பது குழந்தை இயேசுவின் தெரேசாவை. அவருடைய திருப்பண்டம் 2009இல் இங்கிலாந்துக்கு வந்து, வேர்ம்வுட் ஸ்கிரப்ஸ் சிறைக்குள்ளும் போனது. 2023 அக்டோபரில் பிரான்சிஸ் எழுதிய மடல் அவருடைய நம்பிக்கையைப் பற்றியதே. ரோசாப்பூ ஏந்திய அந்தப் படத்தைப் பார்த்து, ஐயமே அறியாத சிறுமி என்று எண்ணிவிடுகிறோம். 1896 உயிர்த்த ஞாயிறு முதல் 1897 செப்டெம்பர் 30இல் சாகும்வரை, 18 மாதங்கள், மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற இருட்டுக்குள் அவர் கிடந்தார். காசநோய் வேறு. விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி மார்போடு வைத்துக்கொண்டார். வயது 24. நம்புவது சுலபமாக இருந்த நாட்களில் யாரும் இரத்தத்தால் எழுதமாட்டார்கள்.

இவர்கள் மூவரையும் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. கடவுள் செய்வார் என்று எதிர்பார்ப்பது நம்பிக்கையின் தொடக்கம். அவர் செய்யாதபோதும் அவருடைய வேலையை நிறுத்தாமல் செய்வது அதன் வளர்ச்சி. அந்த வளர்ச்சியைத்தான் திருச்சபை பரிசுத்தம் என்கிறது. அது துறவிகளுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே எழுதிவைத்தது. லண்டனில் பிறந்த கார்லோ அகுதிஸ் என்ற கணினிப் பிரியப் பையன் 2025இல் புனிதரானபோது நம் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கைபேசியில் பார்த்தார்கள். நாங்களோ இன்னும் புனிதர்களைச் சுவரில்தான் தேடுகிறோம்.

எங்கள் பகுதியில் ஒரு அக்கா இருக்கிறா. 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் கணவர் காணாமல் போனார். இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவ கேட்காத மாதா இல்லை, ஏறாத படி இல்லை. இரவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. தாயின் பெயரைச் சொல்லி அழும் வெள்ளைக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கையைப் பிடித்துக்கொண்டிருப்பா. காலையில் எலிசபெத் லைனில் வந்து செவன் கிங்ஸில் இறங்கி, சில நாட்களில் வீட்டுக்குப் போகாமல் கிங் ஜோர்ஜ் ஆஸ்பத்திரிக்குப் போவா, ஆங்கிலம் தெரியாத யாரோ ஒரு அம்மாவுக்கு மொழிபெயர்க்க. ஒருமுறை செபக்கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொல்லி நான் கேட்டேன்.

"சாட்சி சொல்ல எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே, தம்பி."

கவலையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னா. அந்தப் பதிலுக்குப் பிறகு நடந்த சாட்சிகள் எல்லாம் எனக்குக் கொஞ்சம் சிறுத்துவிட்டன. அவவுக்குக் கடவுள்மேல் கோபம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கும், இருக்கட்டும், யோபுவுக்கும் இருந்தது. அந்தக் கோபத்தை அவ அந்தக் கிழவர்கள்மேல் இறக்குவதில்லை. எட்டாம் ஹென்றியிடம் இல்லாத ஒன்று அவவிடம் இருக்கிறது.

ஆகவே செபக்குழு நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விசா கிடைத்தவரையும் நோய் தீர்ந்தவரையும் பேசவிடுங்கள். அது அவர்களுடைய உரிமை. மாதத்தில் ஒருமுறையாவது, கேட்டது கிடைக்காமலே இத்தனை வருடமும் கோயிலுக்கு வந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் மைக்கைக் கொடுங்கள். அவர் பேச மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். இரவு வேலைக்கு நேரமாகியிருக்கும்; யாராவது காரில் கொண்டுபோய் விடுங்கள்.