தொண்டரா, பாதுகாவலரா?

கற்ற இளைஞர் ஊருக்குத் தொண்டாற்ற முன்வருதல் போற்றத்தக்கதே. ஆனால், எவருக்காகத் தொண்டு செய்கிறோமோ அவர்களுக்கு நாம் தொண்டரா, பாதுகாவலரா? மருதமுனையின் தறியோசை கேட்டு வளர்ந்து, படிப்பால் உயர்ந்த நாம், மாணவர் மன்றம் அமைக்கக் கூடும்போதெல்லாம் இக்கேள்வி எழுகின்றது. விடை தேட யாழ்ப்பாணத்து வரலாறொன்றைப் புரட்டுவோம்.

1924இல் அங்கே மாணவர் காங்கிரஸ் தோன்றியது. ஹன்டி பேரின்பநாயகம் முதலான கல்லூரி இளைஞர்கள் ஊதியமோ பதவியோ நாடாது அதனைக் கட்டியெழுப்பினர். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் கொண்ட அவ்வமைப்பு, 1927இல் காந்தியடிகளை இலங்கைக்கு அழைப்பதில் முன்னின்றது. பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் அமர்த்தப்பட்ட கொடுமைக்கு எதிராகச் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. இன, மத பேதங் கடந்த சுதந்திர இலங்கையே அதன் கனவு.

1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தது. அது பூரண சுயராச்சியம் அன்று எனக் கண்ட காங்கிரஸ், அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கோரியது. கோரிக்கை வென்றது; வடக்கின் நான்கு தொகுதிகளில் வேட்பாளர் எவரும் முன்வரவில்லை. ஆனால், அதே திட்டமன்றோ பெண்ணுக்கும் கூலியாளுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் முதன்முறையாக வாக்குரிமை தந்தது? துறந்தவர் கல்லூரி கண்டவர். துறக்கப்பட்டதோ கல்லூரி வாசலையே காணாதவரின் கைப்பொருள்! 1934இல் அவ்விடங்கள் நிரப்பப்பட்டன. அரசியலின் கடிவாளம் வேறு கைகளுக்குச் சென்றது. காங்கிரஸ் படிப்படியாகத் தேய்ந்தது.

அவ்விளைஞரை நாம் இகழவில்லை. அந்நியன் அளந்து கொடுத்த அரைச் சுதந்திரத்தை மறுப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவர்களது நேர்மையில் ஐயமில்லை என்பதாலேயே இப்படிப்பினை கசக்கின்றது. தன்னலமுள்ளவன் மக்களை ஏய்க்கும்போது மக்கள் அவனை அடையாளம் கண்டுகொள்வர். தன்னலமற்றவன் அவர்களைக் கேளாமலே அவர்களுக்காக முடிவெடுக்கும்போது, அந்தத் தியாகமே தவற்றை மறைக்குந் திரையாகிவிடுகின்றது.

பாவு எத்துணை உறுதியாயினும் ஊடு இன்றித் துணியில்லை; இதை நம் நெசவாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாம்தாம் கற்க வேண்டும். ஆகவே, நாம் அமைக்கும் அடுத்த மன்றத்தின் முதற் கூட்டத்துக்குத் தறியில் உழைக்கும் ஆணையும் பெண்ணையும் அழைப்போம். நம் உரையைக் கேட்பதற்கன்று, அவர்கள் உரைப்பதை நாம் கேட்பதற்கு.