அடைக்கல அறமும் காட்டுயிர்ச் சரணாலயங்களும்: சுற்றுலா வளர்ச்சி குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

காட்டுயிர்கள் வாழ்வதற்கெனச் சட்டத்தால் காக்கப்படும் நிலப்பகுதியைத் தமிழில் ‘சரணாலயம்’ என்றும் ‘புகலிடம்’ என்றும் வழங்குகிறோம். இந்தியில் அது ‘அபயாரண்யம்’ எனப்படுகிறது. அச்சமின்றி வாழ்தற்குரிய காடு என்பது அதன் பொருள். இச்சொற்கள் அனைத்தும் ஓர் இடத்தைச் சுட்டுவதோடு நில்லாமல், அவ்விடத்திற்கு உரிய உயிர்களுக்குத் தரப்பட்ட ஒரு வாக்குறுதியையும் சுட்டுகின்றன. விடுதிகளும் ஊர்திகளும் பார்வையாளர் கூட்டமும் சரணாலயங்களை நெருக்கிவரும் இக்காலத்தில், அவ்வாக்குறுதி யாரைக் கட்டுப்படுத்தும், அதற்குரிய விலையை யார் தருதல் வேண்டும் என்னும் வினாக்கள் எழுகின்றன. அவற்றை அடைக்கலம் என்னும் அறக்கருத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடைக்கலம் என்னும் அறம்

தமிழ் இலக்கிய மரபில் அடைக்கலம் என்பது வெறும் இரக்கம் அன்று. ஏற்றுக்கொண்டவரைப் பிணிக்கும் கடமையாகும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலனுக்கு நேர்ந்த கொலையில் மாதரிக்குச் சிறிதும் பங்கில்லை. எனினும், அடைக்கலத்தைக் காக்க இயலாமற்போனமைக்காக அவள் தீப்புகுந்தாள் என்று காப்பியம் கூறுகிறது. தீங்கு பிறரால் நேர்ந்தது என்பது அடைக்கலம் ஏற்றவரை விடுவிப்பதில்லை என்பது இதன்வழிப் புலனாகிறது.

புறாவின் பொருட்டுத் துலையேறிய செம்பியனின் வரலாறு இக்கடமையின் மற்றொரு கூற்றை விளக்குகிறது. புறநானூறும் சிலப்பதிகாரமும் போற்றும் இவ்வரலாற்றில் பருந்தின் பசி பொய்யன்று. மன்னன் அப்பசியை மறுக்கவில்லை. பருந்தைத் துரத்தவும் இல்லை. புறாவிற்கு ஈடாகத் தன்னையே தந்தான். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்கள். இம்மூவரிடத்தும் பொதுவாக அமைந்த பண்பு ஒன்று உண்டு. காத்தவர் தம்முடையதை இழந்தார். பிறருடையதை எடுத்துக் கொடுக்கவில்லை. காக்கப்பட்ட உயிரிடமிருந்து பயன் எதனையும் எதிர்பார்க்கவும் இல்லை.

சட்டம் வகுத்த வரிசை

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்வறத்தோடு பெரிதும் ஒத்துச் செல்வதைக் காணலாம். சரணாலயத்துள் நுழைவதை அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல், சுற்றுலா முதலிய நோக்கங்களுக்கு இசைவு வழங்கலாம் என 28ஆம் பிரிவு கூறுகிறது. எனவே சுற்றுலா என்பது அங்கு உரிமை அன்று, இசைவின்பாற்பட்டது. காட்டுயிர்களின் வாழிடத்தை அழித்தலோ மாற்றுதலோ கூடாது என்பது 29ஆம் பிரிவின் சாரம். காட்டுயிர்களின் நலத்திற்கும் மேலாண்மைக்கும் இன்றியமையாததாயின் மட்டுமே அதற்கு விலக்குண்டு. வாழும் உயிர் முதலிலும் காணவருபவர் பின்னரும் வைக்கப்பட்டிருப்பதே சட்டம் வகுத்த வரிசை எனலாம்.

நீதிமன்றங்களும் இவ்வரிசையை வலியுறுத்தியுள்ளன. ஆசியச் சிங்கங்கள் பற்றிய வழக்கில் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மனிதனை நடுவாகக் கொண்ட நோக்கை விடுத்து உயிரினத்தின் நலனையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்றது. 2012 ஜூலை 24இல் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவிற்கு அந்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்ட பின்னர் அவ்வாண்டு அக்டோபரில் அத்தடை நீக்கப்பட்டது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டிற்கு மிகாத பரப்பிலேயே சுற்றுலா நிகழலாம் என்பதும், அங்குப் புதிய சுற்றுலாக் கட்டுமானங்கள் கூடா என்பதும் அந்நெறிகளுள் குறிப்பிடத்தக்கவை.

வரிசை தலைகீழாதல்

இவ்வரிசை மாறும்போது நேர்வது என்ன என்பதற்கு உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகம் சான்றாகும். 1936இல் தேசியப் பூங்காவாகத் தோற்றம் பெற்று, 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்ட இடம் அது. அங்குள்ள பாக்ரோ பகுதியில் பார்வையாளர்களுக்குப் புலிகளைக் காட்டும் உலாவிடம் ஒன்றை அமைக்க முற்பட்டனர். அதற்கென 163 மரங்களை வெட்டவே இசைவு பெறப்பட்டிருந்தது. ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டதாக இந்திய வன அளவாய்வு நிறுவனம் மதிப்பிட்டது. 2024 மார்ச் 6இல் உச்ச நீதிமன்றம் இச்செயலைக் கடுமையாகக் கண்டித்தது. புலியைக் காட்டும்பொருட்டுப் புலியின் காடு அழிக்கப்பட்டது என்னும் முரண் இங்கு எண்ணத்தக்கது.

சரணாலய எல்லைக்கு வெளியேயும் இச்சிக்கல் நீள்கிறது. யானை போன்ற பெருவிலங்குகள் ஒரு காட்டிலேயே தங்குவன அல்ல. நீரும் இரையும் நாடிப் பருவந்தோறும் இடம்பெயர்வன. அவற்றின் வழியில் விடுதிகளும் மின்வேலிகளும் எழுந்தால், சரணாலயம் வாயில் அடைபட்ட வீடாகிவிடும். முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பகுதியை யானை வழித்தடமாகத் தமிழக அரசு 2010இல் அறிவித்ததும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபர் 14இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்ததும் இவ்வுண்மையை ஏற்றதன் விளைவுகளேயாகும்.

சுற்றுலாச் சார்பான வாதங்கள்

சுற்றுலாவிற்கு ஆதரவாக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, சுற்றுலா வருவாயே காட்டின் காவலுக்குப் பொருள் தருகிறது என்பது. இரண்டாவது, கண்ணால் கண்டவரே காட்டை நேசிப்பர் என்பது. மூன்றாவது, காட்டையொட்டி வாழும் எளிய மக்களுக்கு அது பிழைப்பளிக்கிறது என்பது.

இவற்றுள் எதுவும் புறக்கணிக்கத்தக்கதன்று. பருந்தின் பசியைப் போல இவையும் மெய்யானவை. ஆயினும் முதல் வாதம் ஓர் இடரை உள்ளடக்கியுள்ளது. வருவாய்க்காகவே காடு காக்கப்படுமாயின், அதனினும் மிகுந்த வருவாய் தரும் சுரங்கமோ அணையோ வரும்போது காக்கக் காரணம் இல்லாமற்போகும். பார்வையாளரை ஈர்க்காத தவளைக்கும் பூச்சிக்கும் அவ்வாதத்தில் இடமே இல்லை. இரண்டாம் வாதம் ஓரளவு உண்மையே. எனினும் காண்பது மட்டுமே அன்பை விளைக்கும் என்பது பொருந்தாது. முல்லைத்திணையையும் குறிஞ்சித்திணையையும் பாடலின்வழி அறிந்து நேசித்தோர் பலர், அந்நிலங்களை மிதித்தறியாதவர்களே. மூன்றாம் வாதமே வலிமை மிக்கது. அதனை ஆராயும்போது சரணாலயங்களின் வரலாற்றில் மறைந்துள்ள ஓர் அநீதியும் வெளிப்படுகிறது.

விலை தந்தோர் யார்?

செம்பியன் தன் தசையைத் துலையில் இட்டான். சரணாலயங்களை அமைத்த அரசுகளோ பெரும்பாலும் பிறருடைய தசையை இட்டன. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்து தேனும் கிழங்கும் எடுத்த மக்கள், விலங்குகளின் நலம் கருதி வெளியேற்றப்பட்டனர். அல்லது விறகெடுப்பதும் குற்றமாகும் நிலைக்கு ஆளாயினர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதனை வரலாற்று அநீதி என்றே தன் முகப்புரையில் ஏற்றுக்கொண்டது.

இந்நிலையில், விலங்கின் அமைதிக்காகத் தேனெடுப்பவரை வெளியேற்றிய அதே காட்டில் ஊர்திகளும் விருந்தினரும் வரவேற்கப்படுவது அறத்தோடு பொருந்துவதன்று. மக்களின் நடமாட்டம் விலங்கிற்குத் தீங்கென்பது உண்மையாயின், அவ்வுண்மை விருந்தினருக்கும் உரியதாதல் வேண்டும். உண்மையன்றெனின், வெளியேற்றத்திற்கே அடிப்படை இல்லை. இரண்டில் எதனைக் கொள்ளினும், வெளியேற்றப்பட்டவரினும் விருந்தினருக்கு முதன்மை தர வழியில்லை.

தேக்கடி காட்டும் வழி

கேரளத்தின் பெரியாறு காப்பகம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1895இல் முல்லைப்பெரியாறு அணையால் தோன்றிய ஏரியைச் சூழ்ந்த காடு 1934இல் வேட்டைத் தடைப் புகலிடமாகவும், 1950இல் விரிந்த சரணாலயமாகவும், 1978இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினர் காட்டின் உட்பகுதியிலிருந்து குமுளி அருகே குடியமர்த்தப்பட்டனர். 1996 முதல் 2004 வரை நடைபெற்ற சூழல்மேம்பாட்டுத் திட்டத்தின்போது ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வந்தோர், சிறு குழுக்களைக் கால்நடையாக அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் ஆயினர். பழங்குடியினரும் இப்பணிகளில் பங்குபெற்றனர்.

இதனைக் குறையற்ற தீர்வு என்று கூறவியலாது. ஏரிப்படகுகளில் கூட்டம் மிகுவதும் குமுளியில் விடுதிகள் பெருகியதும் கண்கூடு. ஆயினும் காட்டிற்கு விலை தந்தவர்களே அதன் பயனில் முதலுரிமை பெறுதலும், வருபவர் தொகை குறைவாய் இருத்தலும், அவர்களின் வருகை காவலுக்கும் உதவுதலும் ஒருங்கே இயலும் என்பதை இம்முயற்சி காட்டியுள்ளது. பிழைப்பு பற்றிய மூன்றாம் வாதம் இத்தகைய சுற்றுலாவிற்கே பொருந்தும். வெளியூர் முதலீட்டில் எழும் பெருவிடுதிகளுக்குப் பொருந்தாது.

முடிவுரை

சரணாலயம் என்பது தமக்காகப் பேசவும் பேரம் பேசவும் இயலாத உயிர்களுக்குச் சமூகம் அளித்த அடைக்கலம் என்பது இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும். எனவே, ஒரு புதிய விடுதியோ சாலையோ தீங்கற்றது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதனை வேண்டுவோரையே சாரும். அது தீங்கு என்று காட்டும் சுமையைக் காட்டின்மேல் ஏற்றலாகாது. அடைக்கலத்திற்குரிய விலையைக் காட்டை இழந்த எளியோரிடமிருந்து மீண்டும் பெறுதலும் முறையாகாது. அவ்விலையைத் தர வேண்டியவர்கள் நகரத்தில் வாழ்ந்து காட்டைக் காண விழைவோரே. அவர்களிடம் கேட்கப்படுவது தசையோ தேரோ போர்வையோ அன்று. எல்லாவற்றையும் எந்நேரமும் அருகில் சென்று காணவேண்டும் என்னும் விழைவில் ஒரு பகுதியே. செம்பியன் ஈந்ததோடு ஒப்பிட அது மிகச் சிறிது. அச்சிறிதையும் தர மறுக்கும் சமூகம் தன் காடுகளைச் சரணாலயம் என்றழைக்கும் தகுதியை இழந்துவிடும்.