ஓசி யார்?

கல்லூரி முடிந்து நகரப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். சித்தாள் வேலைக்குப் போய்வரும் பெண்கள் நான்கைந்து பேர் சிமெண்டுச் சட்டிகளோடு ஏறினார்கள். உட்கார இடமில்லை. ஒருத்தி இருக்கைக் கம்பியில் சாய்ந்து நின்றாள். அந்த இருக்கையில் இருந்தவர் தள்ளி உட்காராமலேயே சொன்னார்: "ஓசின்னா இப்படித்தான். சும்மாவாச்சும் ஏறி ஊரைச் சுத்துதுங்க." அவள் காதில் விழாததுபோல் வெளியே பார்த்தாள். நானும் வெளியே பார்த்தேன். என் கையிலும் கட்டணமில்லாப் பயணச்சீட்டுதான் இருந்தது. மாதச் சம்பளம் வாங்கும் என்னைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறோம். அன்று தொடங்கி இந்தச் சொல்லும் நம்மோடு பயணம் செய்கிறது. பொருளாதாரத்தில் இதற்கு இணையான கலைச்சொல் உண்டு. பொதுவில் கிடைப்பதை அனுபவித்துவிட்டு அதன் செலவில் பங்கெடுக்காதவரை 'ஓசிப் பயணி' என்று பொருள்படும் பெயரால்தான் அங்கேயும் குறிக்கிறார்கள். ஆகவே அந்த மனிதரின் கேள்வியை உண்மையாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. நம் பொதுச்சொத்தில் ஓசியில் போகிறவர் யார்?

தெருவிளக்கின் கீழ் நான் நடப்பதால் உங்களுக்கு வெளிச்சம் குறைவதில்லை. என்னை மட்டும் அந்த வெளிச்சத்திலிருந்து விலக்கி வைக்கவும் முடியாது. இவை இரண்டும் பொதுப்பண்டத்தின் அடையாளங்கள் என்கிறது பொருளாதாரம். ஏரி, காடு, மேய்ச்சல் நிலம், நிலத்தடி நீர் ஆகியவை வேறு வகை. இங்கும் ஆட்களைத் தடுப்பது கடினம். ஆனால் ஒருவர் எடுத்தது மற்றவருக்கு இல்லை. சண்டையெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

1968இல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டை ஓட்டிவிடுவார். லாபம் அவருக்கு மட்டும், நட்டம் எல்லோருக்கும். முடிவில் நிலம் அழியும். எனவே தனியுடைமையாக்கு, அல்லது கட்டாயப்படுத்து. பொதுநிலத்தைப் பங்கு போட நினைத்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதை உதவியது. ஆனால் மேய்ச்சல் நிலம் அவருக்கு ஓர் உதாரணம் மட்டுமே. கட்டுரையின் பொருள் மக்கள்தொகை. பிள்ளை பெறும் சுதந்திரத்தை அவரவரிடம் விட்டுவைக்கக் கூடாது என்பதே அவர் போய்ச் சேர்ந்த இடம். புல்வெளியில் தொடங்கிய பேச்சு கருப்பையில் வந்து முடிகிறது.

இந்தியா ஹார்டினைப் படித்துவிட்டுக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கவில்லை, 1952இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் பொதுச்சுமை எங்கே இறக்கிவைக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம். இரண்டில் எது எளிய அறுவை என்று எந்த மருத்துவரிடமும் கேட்கலாம். ஆணுக்குச் செய்வதுதான்.

ஹார்டினுக்குப் பதில் சொன்னவர் எலினார் ஆஸ்ட்ரம். பெண் என்பதால் பள்ளியில் திரிகோணமிதி படிக்க விடப்படாதவர். அந்தக் கணிதம் இல்லை என்று பொருளாதார முனைவர் பட்டத்துக்கு இடம் மறுக்கப்பட்டவர். அரசியல் அறிவியலுக்குப் போனார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலம், ஜப்பானின் கிராமக் காடு, ஸ்பெயினின் வாய்க்கால் பாசனம் எனப் பார்த்து, 1990இல் ஒரு நூல் எழுதினார். மக்கள் நூற்றாண்டுகளாகத் தாங்களே விதி வகுத்து, தாங்களே கண்காணித்து, பொதுவைக் காத்திருக்கிறார்கள் என்று காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அவர் சொன்ன நெறிகளில் ஒன்று எனக்கு முக்கியம்: விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த விதியை மாற்றுவதில் பங்கு இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை என் அம்மாவின் ஊருக்கு எடுத்துப் போனேன். சிவகங்கைப் பக்கத்து ஊர். குடிக்க ஊருணி, குளிக்கக் கண்மாய். ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, துணி அலசக் கூடாது. ஒப்புரவு பற்றிப் பேசும்போது பேரறிவாளனின் செல்வத்துக்கு வள்ளுவர் உவமை தேடிப் போன இடம் நீர் நிறைந்த ஊருணிதான். வகுப்பில் அந்தக் குறளை நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்த ஊருணிதான் கண்ணில் நிற்கும்.

"இந்த விதியெல்லாம் யாரும்மா போட்டது?"

"ஊர்க்கூட்டத்துல பேசி வைப்பாங்க."

"நீ போவியா?"

"பொம்பளைக்கு அங்க என்ன வேலை? தூர் வார்றப்ப வீட்டுக்கு ஒரு ஆளுன்னு வரச் சொல்வாங்க. உங்க தாத்தா எங்க போனாரு? நாங்கதான் போவோம்."

"காலனிக்காரங்களுக்குத் தண்ணி?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கரையில நிப்பாங்க. நாங்க மோந்து ஊத்துவோம்."

அந்த 'நாங்க' என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கூட்டத்தில் இடமில்லாத பெண்கள், மண் சுமந்த பெண்கள், இன்னொரு பெண்ணின் குடத்துக்குக் கை படாமல் நீர் ஊற்றும் காவலையும் செய்தார்கள். ஆட்களை விலக்கி வைப்பதற்குச் செலவாகும் என்கிறது பொருளாதாரம். வேலி போட வேண்டும், காவல் வைக்க வேண்டும். சாதிக்கு அந்தச் செலவில்லை. காவலைப் பெண்கள் கூலியில்லாமல் பார்த்தார்கள். மீதிச் செலவை, கரையில் காத்து நின்றவர்கள் தங்கள் நேரத்தாலும் மானத்தாலும் கட்டினார்கள். மகாடு நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று அறிவித்த பிறகும், 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்க் குடித்துத்தான் அதைப் பொதுவாக்க வேண்டியிருந்தது. குடித்தவர்களை அடித்தார்கள், குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். பொது என்று எழுதிவைத்தால் போதாது.

பினா அகர்வால் இந்தியாவிலும் நேபாளத்திலும் சமூக வனக் குழுக்களை ஆராய்ந்தவர். காட்டை மூடிக் காப்பது என்று ஆண்கள் கூடி முடிவெடுப்பார்கள். அடுத்த நாள் விறகுக்கு இன்னும் தொலைவு நடப்பவள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கமாட்டாள். குழுவில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போதுதான் அவர்கள் வாய் திறந்து பேசுவது கூடுகிறது என்பதும் அவருடைய கண்டுபிடிப்பு. ஒரே ஒருத்தியை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வது பங்கேற்பு ஆகாது.

இப்போது கணக்குக்கு வருவோம். 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபடும் பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபடும் பெண் சராசரியாக 299 நிமிடம் உழைக்கிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். சோறு, துணி எல்லாம் இதில் அடக்கம். செலவில் பங்கில்லாமல் பலனை எடுப்பவரே ஓசிப் பயணி என்றால், அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருந்தது யார், நின்றது யார்?

இங்கேயே நிறுத்தினால் எனக்கு வசதி. ஆனால் கட்டணமில்லாச் சீட்டை நம் உழைப்புக்கான கூலி என்று வைத்தால், ஐந்து மணி நேர உழைப்பை ஒரு பேருந்துச் சீட்டில் அடைத்துவிட அனுமதித்தவர்கள் ஆவோம். பேருந்து யாருடைய கருணையும் அல்ல. வேலைக்கும் மருத்துவமனைக்கும் சேலையில் முடிந்த காசை எண்ணிப் பார்க்காமல் போய்வரும் உரிமை அது.

இன்னொரு தடையும் உண்டு. அது நான்தான். எங்கள் அடுக்ககத்தில் சென்ற கோடையில் பழைய ஆழ்துளைக் கிணறு வற்றியதும் இன்னும் ஆழமாகப் புதிதாக ஒன்று போட்டோம். செலவைப் பங்கிட்டுக் கட்டினோம், மின்கட்டணமும் கட்டுகிறோம். சில வாரங்களில் பின்தெருவின் அடிபம்பு காற்றை இறைத்தது. அங்கிருந்துதான் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா வருகிறார். அந்த மாதம் முழுவதும் அவர் அரைமணி நேரம் தாமதம். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றதாகச் சொன்னார். நிலத்துக்குச் சொந்தக்காரருக்கே அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமை என்பது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் வேரூன்றிய வழக்கம். ஆகவே நாங்கள் எடுத்தது திருட்டு ஆகாது. மோட்டாருக்குப் பணம் கட்டினோம். நீருக்கு யாரும் கட்டவில்லை. அதைக் கட்டியது அவருடைய அரைமணி நேரம்.

ஹார்டினின் மாட்டுக்காரரை நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். சொந்தப் பணத்தில் வாங்கியதாக நம்புகிறவருக்குத் தான் ஓசியில் போவது தெரியவே தெரியாது. அவரை யாரும் பேருந்தில் வைத்துத் திட்டவும் மாட்டார்கள்.

ஆழ்துளைக் கிணறு பற்றி முடிவெடுத்த சங்கக் கூட்டத்தில் நான் இருந்தேன். பெண்கள் ஏழு பேர் இருந்தோம். வாயும் திறந்தோம், எந்த மோட்டார் என்பது பற்றி. பின்தெருவிலிருந்து ஒருவரும் இல்லை. அழைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தெருப் பெண்களையும் அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் தூர் வாருவதும், நாளுக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடலாம் என்பதும் அவர்களோடு பேசி முடிவாக வேண்டும். செயலாளர் வாங்கி வைத்துக்கொண்டு, "மேடம், அவங்க மெயின்டனன்ஸ் கட்டுறதில்லையே" என்றார்.

பேருந்தில் வெளியே பார்த்ததுபோல் இந்த முறை பார்க்கவில்லை. "கட்டிக்கிட்டுத்தான் சார் இருக்காங்க" என்றேன்.